தொட்டி இருக்கிறபடியே இருக்கிறது

குட்டியின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். அடுத்த வரியில் இங்கு எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். அதை இப்போது எழுதப் போவதில்லை. எழுதலாமா கூடாதா என்று முழுவதையும் படித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

உறையின் பின்னால் இருப்பது நம் வீட்டு முகவரி இல்லை, அத்தை வீட்டு முகவரி. கவனித்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சாதாரணமாகப் பேசும்போது தெளிவாக இருக்கிற லைன், குரல் கொஞ்சம் உயர்ந்ததும் சரியாகக் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று அறுந்துபோகிறது. உங்கள் கப்பலில் சிக்னல் என் கோபத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது போலிருக்கிறது. கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பாருங்கள்.

போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அண்ணனை அனுசரித்துப் போ, ஊர் சிரிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று. படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அனுசரிப்பது என்றால் என்னவென்று எனக்கா சொல்லித் தருகிறீர்கள்? கல்யாணமான நாளிலிருந்து வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்? உங்கள் அண்ணன் எழுதியதை மட்டும் நம்பித் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். கோர்ட்டில்கூட இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். இனி என் பக்கத்தை முதலிலிருந்து கேளுங்கள்.

நான் ஆசைப்பட்டா நகர சபைக்குப் போனேன்? நம் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், சும்மா பேருக்கு நில்லும்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது உங்கள் அண்ணன். நல்லதுதானே, நில் என்றது நீங்கள். பக்கத்து வார்டில் அவர், நம் வார்டில் நான், இரண்டு பேரும் ஜெயித்தோம். இவள் வாய் திறக்க மாட்டாள் என்று நம்பித்தான் என்னைத் துணைத் தலைவராகவும் ஆக்கினார்கள். பாவம், ஏமாந்துபோனார்கள்.

தலைவருக்கு உடம்பு முடியாமல் போனபோது, தான் எழுந்து வரும்வரை சபை வேலையைக் கவனிக்கச் சொல்லி உங்கள் அண்ணனுக்கு ஓர் ஆணை எழுதிக் கொடுத்தார். துணைத் தலைவர் என்று ஒருத்தி இருக்கும்போது இவருக்கு ஏன் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். குட்டி மஞ்சள் காமாலையில் சுருண்டு கிடந்தாள். எனக்கு அவள் பிழைத்து எழுந்தால் போதும் என்றிருந்தது. அதோடு, யாரோ எவரோ இல்லையே, நம் வீட்டுப் பெரியவர்தானே என்று விட்டுவிட்டேன்.

அவர் மறுநாளே தன் பெயிண்ட் கடையில் ஒரு பலகை எழுதவைத்து அறை வாசலில் மாட்டினார். பொறுப்புத் தலைவர் என்று. 'பொறுப்பு' என்பதைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். 'தலைவர்' என்பது மாடிப்படியிலிருந்தே தெரியும். நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். உங்கள் அண்ணிக்கு எல்லாம் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்.

பிறகு தலைவர் இறந்துபோனார். இங்கேதான் சங்கதி இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். எனக்காக வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மா விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். படுக்கையில் இருக்கிற தலைவர் தனக்குப் பதிலாக ஒருவரைக் கவனிக்கச் சொல்வது ஒன்று. தலைவரே இல்லாமல் பதவி காலியாவது வேறு. கொடுத்தவர் போன அன்றே அவர் கொடுத்த அதிகாரமும் போய்விட்டது. காலியான பதவிக்குப் புதுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை பொறுப்பு துணைத் தலைவருக்குத்தான் வரும், யாரும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. சட்டத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கிறதாம். இது சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். உங்கள் அண்ணன் பாட்டுக்கு வந்தார், உட்கார்ந்தார், கையெழுத்துப் போட்டார். பலகையும் அப்படியே தொங்கியது.

இதில் என் முட்டாள்தனம் ஒன்று உண்டு. இரங்கல் கூட்டத்துக்கு நான்தான் தலைமை தாங்கியிருக்க வேண்டும். நடு நாற்காலி காலியாக இருந்தது, அதன்மேல் மாலை போட்ட படம். இரங்கல் தீர்மானத்தை நான் நின்றுகொண்டு வாசித்தேன். பாதியில் அழுதுவிட்டேன். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும், அது உங்களுக்குத் தெரியும். உங்கள் அண்ணன் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு, "நீ போய் உக்காரும்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். படத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு ஓரத்தில் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நன்றியைத்தான் இன்றைக்கு அவருடைய வக்கீல் கோர்ட்டில் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். துணைத் தலைவர் தாமாகவே விட்டுக்கொடுத்தார், சபை முழுவதும் பார்த்தது என்கிறார். ஒரு சாவுக்கு அழுதது என் குற்றமாகப் போயிற்று.

இதற்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்திருப்பேன். நாற்காலி யாருக்கு வேண்டும்? தொட்டி வந்து கெடுத்தது.

அத்தை வீட்டுப் பின்சுவரை ஒட்டி நிற்கிறதே சபையின் தண்ணீர்த் தொட்டி, நீங்களும் உங்கள் அண்ணனும் சின்ன வயதில் அதன் நிழலில் கோலி விளையாடினோம் என்று சொல்வீர்களே, அதன் கால் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. உள்ளே கம்பி துரு பிடித்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, உடனே தண்ணீரை வடித்து இடித்துவிடுங்கள், அதுவாக விழுந்தால் பின்பக்கத்து வீட்டின் மேல்தான் விழும் என்று எழுதிக் கொடுத்தார். பின்பக்கத்து வீடு அத்தை வீடு, உங்கள் தாய் இருக்கிற வீடு.

உங்கள் அண்ணன் அன்றைக்கே இடிக்க உத்தரவு போட்டார். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் தொட்டிக்கு அடியில் கடை வைத்திருக்கிறாரே கண்ணாடிக்கடைக்காரர், அவருக்குக் கடை போய்விடும் என்று ஆத்திரம். நேரே கோர்ட்டுக்குப் போனார். தொட்டி நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்ல அவராலும் முடியாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போட்டவர் யார்? தலைவரா? யார் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது? ஊரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி, கடை போகிறது என்றதும் அவருக்குத் தோன்றிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கேள்வி சரியான கேள்வி.

கோர்ட்டு உத்தரவை நிறுத்தி வைத்தது. யார் சட்டப்படி தலைவர் என்று முடிவாகும்வரை எல்லாம் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்றது. சரி, இடிக்கத்தான் கூடாது, தொட்டியைக் காலி செய்து போடலாமே என்று நான் சபை அலுவலகத்துக்கு ஓடினேன். செயல் அலுவலர் என்ன சொன்னார் தெரியுமா? "இருக்கிறபடியே இருக்கணும்னு உத்தரவும்மா. உத்தரவு வந்த அன்னிக்குத் தொட்டியில தண்ணி இருந்துச்சு. அப்போ இன்னிக்கும் இருக்கணும்." முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையாகவே சொல்கிறார். விரிந்துகொண்டிருக்கிற தொட்டியில் தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறார்கள், கோர்ட்டை மதிப்பதற்காக.

நானே துணைத் தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போடுகிறேன், கோப்பைக் கொடுங்கள் என்றேன். ஒரே பதவிக்கு இரண்டு கையெழுத்து வந்தால் நான் எதை எடுப்பது என்றார். மேலே தெளிவுரை கேட்டு எழுதியிருக்கிறாராம். புதுத் தலைவர் தேர்தலை அறிவிக்க வேண்டியவர்கள், இந்த வழக்கு முடியட்டும் என்று இருக்கிறார்கள். வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள், தெளிவுரை வரட்டும் என்று இருக்கிறார்கள். தெளிவுரை எழுத வேண்டியவர்கள், தேர்தல்தான் வரப்போகிறதே என்று இருக்கிறார்களாம். எல்லோரும் சேர்ந்து என்னைச் செக்குமாடு மாதிரிச் சுற்றவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த ஆளின் மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து எறிந்திருப்பேன். ஒரு துணைத் தலைவர் அப்படிச் செய்யக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

போன முறை வழக்கு வந்தபோது நீதிபதிக்கே அலுத்துவிட்டது. இவர்கள் இரண்டு பேருக்குள் தகராறு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே தடையை நீக்குகிறேன், சட்டப்படி உரியவர் புதிதாக உத்தரவு போடட்டும் என்றார். ஒரு வரி போதும். தலைவர் கொடுத்த பொறுப்பு அவர் மறைவோடு முடிந்தது என்று உங்கள் அண்ணன் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அடுத்த நாள் நான் இடிக்கச் சொல்வேன். அதே உத்தரவு, அதே வார்த்தை.

அவர் எழுத மாட்டேன் என்கிறார்.

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பயம். அப்படி எழுதிவிட்டால் இத்தனை நாள் போட்ட கையெழுத்தெல்லாம் செல்லாது என்று ஆகிவிடும், சந்தைக் கடை வாடகைக்கு விட்டது, வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தது, எல்லாவற்றுக்கும் ஆள் ஆளாக வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று பயம். அதனால் நான் வக்கீலம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்கே போனேன். தெரியாமல் நல்ல எண்ணத்தில் செய்ததைச் சட்டம் காப்பாற்றும், தெரிந்த பிறகும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் காப்பாற்றாது என்று வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். சபையைக் கூட்டி உங்கள் கையெழுத்து ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டதாக நானே தீர்மானம் போடுகிறேன், ஒன்றுகூட விட மாட்டேன் என்று நானும் சொன்னேன். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே, வேலைக்காரர்கள் பார்க்க, நின்றுகொண்டே கெஞ்சினேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் சொன்னார்.

"அப்போ இத்தனை நாள் நான் அந்த நாற்காலியில திருட்டுத்தனமா உக்காந்திருந்தேன்னு எழுதித் தரச் சொல்றே. என் தம்பி பொண்டாட்டிகிட்ட."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தபிறகு எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது, அதுதான் உண்மை. ஒருவருடைய மானத்துக்கும் ஒரு தொட்டிக்கும் இடையில் அத்தையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இவருக்கு அழ வேறு வருகிறதே என்று. அவருக்குத் தாய்மேல் அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. தினமும் காலையில் வருகிறார். பின்பக்கம் போய் அண்ணாந்து பார்க்கிறார். தூணைத் தடவிப் பார்க்கிறார். போய்விடுகிறார்.

அத்தையை வேறு வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். உங்கள் தாயை உங்களுக்குத் தெரியாதா? நான் போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. அண்ணன் போய்க் கூப்பிட்டார், வரவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே, நீ எதற்கு வந்தாய், நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று ஆரம்பித்து, பொறுப்புத் தலைவர், துணைத் தலைவர், சட்டம், தடை உத்தரவு எல்லாம் வந்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. அத்தை உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொட்டி விழுந்தா என் மேலதானே விழப் போகுது, உங்க நாற்காலி மேலயா விழப் போகுது? நீங்க சண்டை போடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கூப்பிடுற அன்னிக்கு வர்றேன். தனித்தனியா வந்தா யாரோடயும் வரமாட்டேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் தெருவில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றோம்.

இதையெல்லாம் உங்களுக்கு நான் முன்பே எழுதினேன், சுருக்கமாக. அதற்குத்தான் அனுசரித்துப் போ என்று பதில் வந்தது. ஒன்று கேட்கிறேன். இஞ்சின் ரூமில் ஒரு போல்ட்டு தளர்ந்திருந்தால் கேப்டனையே எழுப்பிக் கப்பலை நிறுத்தச் சொல்வேன் என்று பெருமையாகச் சொல்வீர்களே, இங்கே உங்கள் தாய் தலைக்கு மேல் ஒரு தொட்டித் தண்ணீர் நிற்கிறது, உங்களுக்கு அண்ணன் மனம் நோகக் கூடாது. என் மனம் நோகலாம். இந்த வீட்டுக்கு நீங்கள் தலைவர், நான் பொறுப்பு. அதற்கும் எவரும் எனக்கு ஆணை எழுதித் தரவில்லை. வாடகை, பள்ளிக்கூடம், காமாலை, மழையில் ஒழுகும் கூரை, எல்லாம் நான் பார்த்தேன். முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் உங்களை எதிர்பார்த்தேன், நீங்கள் மழுப்புகிறீர்கள்.

போன வாரம் காலையில் அத்தை பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்தார். சோப்பு தீர்ந்து, உள்ளே எடுக்கப் போனார். தொட்டியின் அடிப்பாகத்திலிருந்து ஒரு பெரிய காரைப் பாளம் பெயர்ந்து துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது. கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் பதறிக்கொண்டு போனபோது அத்தை, சோப்புதான் காப்பாற்றியது, இனிமேல் அதே சோப்புதான் வாங்க வேண்டும் என்று சிரிக்கிறார். வாளியை மட்டும் கீழே வைக்கவே இல்லை. செயல் அலுவலருக்குச் சொன்னேன். மறுநாள் ஆள் அனுப்பி விழுந்த காரையை அள்ளிக்கொண்டு போனார். மோட்டார் நிற்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். குட்டியை உங்கள் அண்ணன் வீட்டில் விட்டேன். புது வீடு, கெட்டியான வீடு, அக்கா அவளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், அதில் எனக்குக் கவலை இல்லை. ஒரு பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தையிடம், ஒன்றாக வந்து கூப்பிட்டால்தான் வருவேன் என்றீர்களே, நான் கூப்பிட வரவில்லை, உங்களோடு இருக்க வந்திருக்கிறேன் என்றேன். அத்தை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிள்ளையைப் பெற்றவள் செய்கிற காரியமா இது என்றார். பிறகு எனக்கும் சேர்த்து உலை வைத்தார்.

நான் செய்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை. குட்டி தினமும் சாயங்காலம் பெரியப்பாவிடம், அம்மா ஏன் பாட்டி வீட்டில் தூங்குகிறாள் என்று கேட்கிறாளாம். அவர் எழுந்து போய்விடுகிறாராம். அக்கா சொல்லி அனுப்பினார். உங்கள் அண்ணன் இப்போது காலையில் வரும்போது தூணைத் தடவிவிட்டு உடனே போவதில்லை. பின்கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கிறார். நான் உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் அவருக்குக் கேட்கும். இன்னும் ஒரு தள்ளு தள்ள வேண்டும், அது என்னால் ஆகாது. நான் சொன்னால் தோற்றதாக ஆகிவிடும் அவருக்கு. வக்கீல் சொன்னாலும், நீதிபதி சொன்னாலும் அப்படித்தான்.

நீங்கள் சொன்னால் மட்டும் தோற்றதாக ஆகாது. உங்கள் கடிதங்களை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், தெரியுமா? கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறார். தம்பி அங்கே இறங்கினானாம், இங்கே ஏறினானாம் என்று. அப்பா போனதும் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்து உங்களைப் படிக்கவைத்தவர். அதற்காகத்தான் நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை என்று எனக்கும் தெரியும். எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. நீ திருடவில்லை அண்ணா, யாருக்கும் தெரியாமல் போனதை நீ சுமந்தாய், இனி இறக்கி வை என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு சேர்ந்து போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள், மழுப்பாதீர்கள்.

எனக்குப் பதில் வேண்டாம். எனக்கு எழுத எடுக்கிற தாளில் அவருக்கு எழுதுங்கள்.

பின்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே எப்போதும் கேட்கிறது. முதலில் தூக்கம் வரவில்லை. இப்போது அது நின்றால்தான் விழித்துக்கொள்கிறேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, அவனுக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார். சும்மா, நலம் விசாரித்து எழுதுகிறேன் என்றேன். வேளா வேளைக்குச் சாப்பிடச் சொல்லு, அண்ணனுக்கு லெட்டர் போடச் சொல்லு என்கிறார். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் போகிற கடலெல்லாம் அமைதியாக இருக்கட்டும். நல்லபடியாகத் திரும்பி வாருங்கள். ஆரம்பத்தில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

இந்த வரியை எழுதும்வரை, இங்கு நானும் அத்தையும் நலம்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா